வணக்கம் சொல்லாத இணைப்பு

நொய்யல்புரத்தில் ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை. அணையில் தண்ணீர் இருந்தது. குழாய்கள் சரியாக இருந்தன. மின்சாரத்துக்கும் குறைவில்லை. இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

ஒன்று, ஊரின் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீரகம். இன்னொன்று, மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் மின்னகம். நீரகம் கேட்டால் மின்னகம் கரண்ட் கொடுக்கும். கரண்ட் வந்தால் பம்பு ஓடும். பம்பு ஓடினால் ஊர் குளிக்கும். பல வருடங்களாக இப்படித்தான் நடந்துவந்தது. இப்போது நீரகம் கேட்பதை நிறுத்திவிட்டது.

கையால் திருகித் திறக்கிற வால்வு ஒன்றுகூட அந்த ஊரில் கிடையாது. ஊரைக் கட்டியவர்கள் அதை விளம்பரப் பலகையில் போட்டுப் பெருமைப்பட்டிருந்தார்கள். பலகை பேருந்து நிலையத்தில் இன்னும் இருந்தது. யாரோ அதன்மேல் சாணி அடித்திருந்தார்கள்.

தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிக்கலமைப்பு மேலாண்மை என்றொரு முதுகலைப் படிப்பு உண்டு. பெரிய இயந்திர அமைப்புகள் எங்கே, எப்படி, எதற்காக முரண்டு பிடிக்கும் என்று இரண்டு வருடம் சொல்லிக்கொடுப்பார்கள். பேராசிரியர் அகிலாண்டம் வகுப்புக்குள் வந்ததும் கதவைச் சாத்தினார்.

"இது தியரி இல்லை. இது நம்ம பாத்ரூம். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைக்காம யாரெல்லாம் இருக்கீங்க?"

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பூவரசனுக்குக் குனியத் தோன்றவில்லை. நேராக உட்கார்ந்திருந்தான்.

"பூவரசன். குட்," என்றார் அகிலாண்டம்.

பூவரசனுக்கு முப்பத்தோரு வயது. மனைவி மிருதுளா இறந்து ஒன்றரை வருடம். காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு இந்தப் படிப்பில் சேர்ந்தான். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வகுப்பு, ஞாயிறும் ஆய்வகம் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மற்றவர்களை விரட்டியடித்த அந்த வாசகம்தான் அவனைச் சேர வைத்தது.

"ஞாயிற்றுக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் டைம்," என்றார் அகிலாண்டம். "அதுக்குள்ள ரெண்டும் பேசலைன்னா, நீரகத்தைச் செஞ்ச கம்பெனியோட ஆள் வந்து நீரகத்தோட நினைவை அழிச்சிடுவார்."

பக்கத்தில் இருந்த சாகுல் கேட்டான். "அழிச்சா நல்லதுதானே மேடம்? புதுசா ஆயிடும்ல?"

சாகுலின் ஆய்வு லிப்டுகள். லிப்டுகளோடு பேசிப் பேசி, யாரைப் பார்த்தாலும் எத்தனையாவது மாடி என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தான்.

"ஆகும். பொறந்த குழந்தை மாதிரி. எந்தத் தெருக் குழாய் ஒழுகும், எந்த வால்வு இடப்பக்கம் திறக்கும், மேட்டுத் தெருவுக்கு எவ்வளவு அழுத்தம் வேணும், எல்லாத்தையும் முதல்ல இருந்து படிக்கணும். ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மேட்டுத் தெருக் குழாய்ல காத்து வரும். பள்ளத் தெருவுல சமையல்கட்டுக்குள்ள தண்ணி வரும்."

"பழைய நீரகம்?"

"இருக்காது."

நாளைக்கு வகுப்பு இருக்காது என்கிற தொனியில்தான் சொன்னார். பூவரசன் ஜன்னலைப் பார்த்தான்.

*

நீரகம் இருந்த நீரேற்று நிலையத்துக்கு ஏற்கெனவே பலர் போய் வந்திருந்தார்கள். நகரத் தலைவர் பொன்னாடையோடு போனார். பொன்னாடையை எங்கே போர்த்துவது என்று தெரியாமல் கணினியின் காற்றுத் துளைகள்மேல் போர்த்திவிட்டார். சூடேறிப் புகை வந்து தீயணைப்பு வண்டி வந்தது. அந்த வண்டியிலும் தண்ணீர் இல்லை. அடுத்து ஒரு மனநல மருத்துவர் போனார். நீரகம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தன் சொந்தக் கதையைச் சொல்லி அழுதுவிட்டு வந்தார்.

பூவரசன் மதிய வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தான். பெரிய கூடம். வரிசையாக ஐந்து பம்புகள். நடுவில் இருந்த ஒன்றைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நாற்காலி எதுவும் இல்லை. சுவரில் சாய்ந்து சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தான். தரை குளிர்ச்சியாக இருந்தது. என்ன பேசுவது என்று யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை. சும்மா இருந்தான்.

நெடுநேரம் கழித்துக் கூரையில் இருந்த ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தம்பி."

"ம்."

"நீங்க வணக்கம் சொல்லலீங்களே."

"தோணலைங்க."

"நல்லா இருக்கீங்களான்னுகூடக் கேக்கலீங்க."

"நல்லா இருக்கிற மாதிரி தெரியலைங்க."

ஒலிபெருக்கி நீளமாக ஒரு மூச்சு விட்டது. மூக்கே இல்லாத ஒன்றுக்குப் பெருமூச்சு விடும் வசதியை எந்தப் பொறியாளர் வைத்தாரோ.

"இத்தனை நாளா வர்றவங்க பூராம் பல்லைக் காட்டிக்கிட்டு வணக்கம் வணக்கம்னு வர்றாங்க. எளவு வூட்டுக்குள்ள வந்து வணக்கம் சொல்லுவாங்களாங்க? நீங்கதான் மொறையா வந்தீங்க. சத்தமில்லாம வந்தீங்க. கீழ உக்காந்தீங்க."

"எளவா? யாருங்க?"

"மூணாம் நம்பரு. நம்ம மூத்தது."

பூவரசன் தார்ப்பாயைப் பார்த்தான். "மூணாவது எப்படிங்க மூத்தது?"

"மொதமொதல்ல பம்பு மாட்டுனது அந்த மேடையிலதானுங்க. ஒன்னாம் மேடையில அப்ப சிமெண்டு காயலீங்க." கொஞ்சம் நிறுத்தியது. "தேஞ்சு போச்சுன்னு கழட்டிப்போட்டாங்க. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலை."

"மின்னகம் வந்து கேக்கலையா?"

கேட்டிருக்கக் கூடாது. நான்கு பம்புகளின் விளக்குகளும் சிவப்பாகின.

"வந்துச்சுங்க. அன்னைக்குச் சாயங்காலமே வந்துச்சு. சம்பந்தியாச்சே!"

"சம்பந்தியா?"

"அவிய வூட்டு மோட்டாருக்குத்தானுங்க நம்ம வூட்டுப் பம்பைக் கட்டிக் குடுத்திருக்குது. அஞ்சும் அப்பிடித்தான். பின்ன என்னுங்க மொறை?"

பூவரசன் ஐந்து மேடைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"வாசல்ல வந்து நின்னு, 'வணக்கம், இந்த நாள் இனிய நாளாகட்டும்'னுச்சுங்க. சரி, போச்சாதுன்னு பொறுத்துக்கிட்டேன். நாலு வார்த்தை ஆறுதலாத்தான் பேசுச்சு. கெளம்பறப்ப என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'மகிழ்ச்சி. மீண்டும் மீண்டும் வருவோம்'னு சொல்லிப்போட்டுப் போச்சு. எளவு வூட்டுல போய்ட்டு வர்றேன்னு ஒருக்காச் சொன்னாவே ஆகாது. மீண்டும் மீண்டுமாம்! இன்னும் நாலு பம்பு இருக்குதுங்க எனக்கு."

பூவரசனின் தொண்டை வரைக்கும் ஏதோ வந்தது. சிரிப்பாக இருக்கலாம். பழக்கம் விட்டுப்போனதால் வெளியே வரவில்லை.

"ஊர்ல ஜனங்க தண்ணி இல்லாமக் கஷ்டப்படறாங்களேங்க."

"அவியளும் எப்பத் தண்ணி வரும்னுதான் கேக்கறாங்க. எப்பிடி ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை. அழிக்கறதுன்னா அழிச்சுக்கட்டும் தம்பி. மானங்கெட்டு அந்தச் சம்பந்தியம்மாகிட்டக் கரண்டு கேக்க என்னால முடியாதுங்க."

பூவரசன் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, எதுவும் சொல்லாமல் வெளியே நடந்தான். நீரகமும் எதுவும் சொல்லவில்லை.

*

"முன்னாடி நீரகம் செந்தமிழ்லதான் பேசும்," என்றார் அகிலாண்டம். "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டதுங்கும். ஜனங்க திட்டினாங்க. சரின்னு புகார் தொலைபேசிப் பதிவு, வார்டுக் கூட்டம், கல்யாண மண்டபத்துச் சண்டை எல்லாத்தையும் போட்டுப் பழக்கினோம். ஊர்ப் பேச்சு வரட்டும்னு."

"பேச்சோட ஊரும் வந்திருச்சு மேடம்," என்றான் பூவரசன்.

மின்னகம் துணைமின் நிலையத்தில் இருந்தது. அதற்குப் பெண் குரல். படபடவென்று பேசும். விஷயத்தைக் கேட்டதும் ஊரில் ஒரு நொடி விளக்குகள் மங்கின.

"அய்யோ சாமி, நானுங்களா அப்பிடிச் சொன்னேன்? கேள்விப்பட்டதுல இருந்து மனசே ஆகலீங்கன்னுதானுங்க சொன்னேன். முன்னாலயும் பின்னாலயும் எவனோ ஒட்டியுட்டிருக்கான். நான் வாயைத் தொறக்கறதுக்கு முந்தி அந்த வணக்கம் போய் நின்னுக்குது."

"அதைத் தாண்டி நீங்க போக முடியாதா?"

"எந்தக் கதவுக்குப் போனாலும் அதுதானுங்க மொதல்ல போகுது. பாலத்து வெளக்குகிட்டப் போனாலும் அதே. அது பரவால்லைங்க, வெளக்குக்கு மானம் ரோசம் கெடையாது. சம்பந்திக்கு இருக்குதே!" குரல் தழுதழுத்தது. "நீங்க மட்டும் அதை எடுத்துவுடுங்க தம்பி, நான் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மொறையாப் போயிருவேன். துக்கத்துக்குத் தனியாப் போகக் கூடாதுங்க."

ஒட்டியது எவனும் இல்லை. பேராசிரியர் அகிலாண்டம்.

"வணக்கத்தை எடுக்கறதா?" அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பூவரசன், அது என் பிஎச்டி. தமிழ் மரபுப்படி இயந்திரங்கள் இணையணும்னு நான் போராடி வாங்கின விதி. வணக்கம் சொல்லாம உள்ள வர்ற இணைப்பு திருட்டு இணைப்பு. விடை சொல்லாம அறுந்துபோற இணைப்பு கோளாறு. பாடப் புத்தகத்துல இருக்கு. நான் எழுதின புத்தகம்."

"எளவு வீட்டுல அதான் மேடம் மரபு."

அகிலாண்டம் அலமாரியில் இருந்த தன் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"'மீண்டும் மீண்டும்'ங்கறதுல ஒரு சந்தம் இருக்கு," என்றார். "அந்த ரெண்டாவது மீண்டுமுக்கு ஒரு வாரம் யோசிச்சேன்."

"நல்லா இருக்கு மேடம். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வேண்டாம்."

சனிக்கிழமை பல்கலைக்கழக வளாகத்துக்குள் சோதித்துப் பார்த்தார்கள். வணக்கத்தை நீக்கிய ஒரு சோதனை இணைப்பை அனுப்பினார்கள். பாதுகாப்பு அமைப்பு அதைத் திருடன் என்று முடிவு செய்தது. வாசல் கதவுகள் பூட்டிக்கொண்டன. சங்கு ஊதியது. லிப்டுகள் பாதியில் நின்றன. சாகுல் போனில் கூப்பிட்டான்.

"மச்சான், லிப்ட் என்னைப் பார்த்து யாரு நீன்னு கேக்குதுடா. ஒரு வருஷமா இதுகூடத்தான் குடும்பம் நடத்துறேன்."

"அடையாள அட்டையைக் காட்டு."

"காட்டிட்டேன். போட்டோவுல முடி அதிகமா இருக்காம். நம்பமாட்டேங்குது."

சாகுலை வெளியே எடுக்கும்வரை பூவரசன் வராந்தாவில் நின்று யோசித்தான். துக்க வீட்டுக்குள் திருடன் எப்படி நுழைகிறான்? யாரும் அவனைத் தடுப்பதில்லை. யாரும் வருகிறவர்களை யார் என்று கேட்பதில்லை. ஏன் என்றால், ஊருக்கே சாவு சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகு கதவு திறந்துதான் கிடக்கும்.

"மேடம், வணக்கத்தை மட்டும் எடுத்தாப் போதாது. முதல்ல நீரகம் சாவு சொல்லி விடணும். எல்லா அமைப்புக்கும் போகணும். சொன்னதுக்கப்புறம் அந்த வீட்டுக்குப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. யாரும் வரலாம், யாரும் போகலாம்."

"திருடன் வந்தா?"

"அவனும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் போவான்."

அகிலாண்டம் நெற்றியைத் தேய்த்தார். "தேர்வுக் குழுவுக்கு இதை எப்படிப் புரிய வைக்கப் போறே?"

"தெரியலை."

"ரெண்டு மணி நேரம். பத்துல இருந்து பன்னெண்டு. அதுக்கு மேல கதவு திறந்திருந்தா என் வேலை போயிடும்."

நீரகத்திடம் சொன்னபோது அது உடனே ஒத்துக்கொண்டது. எல்லா அமைப்புகளுக்கும் என்று பூவரசன் சொன்னதை அது கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டது. அன்று மாலை ஊரில் இருந்த எல்லாப் போன்களிலும் செய்தி வந்தது. நொய்யல்புரம் நீரேற்று நிலையம் மூன்றாம் எண் பம்பு காலமானார். துக்கம் விசாரிக்க ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வரலாம். பொழுது சாய்வதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர்கள் முளைத்துவிட்டன. வார்டு உறுப்பினர் வைத்த பேனரில் அவர் படம் பெரிதாகவும் பம்பின் படம் சிறிதாகவும் இருந்தது. இரண்டும் கும்பிடுவது போல வரைந்திருந்தார்கள்.

*

ஞாயிறு காலை கூடம் நிறைந்துவிட்டது. ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் காலிக் குடங்களோடு வந்திருந்தார்கள். குடத்தைக் கொண்டுவந்தது முறையா என்று தெரியாமல் துண்டால் மூடி வைத்திருந்தார்கள். தார்ப்பாய்மேல் யாரோ ஒரு மாலை போட்டிருந்தார்கள்.

கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வந்திருந்தார். பெயர் விகாஸ். கையில் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு பொத்தான்.

"பாஸ், சாரி பாஸ்," என்றார் பூவரசனிடம். "பன்னெண்டு அடிச்சா நான் அமுக்கணும். மேலிடத்து ஆர்டர். எனக்கும் மூணு மணிக்கு ட்ரெய்ன்."

மின்வாரிய ரிப்பேர் வண்டி வாசலில் வந்து நின்றது. மேலே ஒலிபெருக்கி. பின்னால் ஒரு லாரி நிறைய லைன்மேன்கள். அவர்கள் இறங்கி வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வண்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வந்து சுவரில் செருகினார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. யாரும் வணக்கம் சொல்லவில்லை. இணைப்பு கிடைத்தது. எந்தக் கதவும் பூட்டிக்கொள்ளவில்லை. அகிலாண்டம் மூச்சு விட்டார்.

பிறகு மின்னகம் கேட்டது.

"எப்பிடிங்க சம்பந்தி ஆச்சு?"

நீரகம் சொல்லத் தொடங்கியது. பம்பு வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்கியது. முதல் கோடையில் அது எப்படி ஓடியது, எந்த வருடம் அதற்குச் சளி பிடித்த மாதிரி சத்தம் வந்தது, எந்த மெக்கானிக் தவறான கிரீஸ் போட்டான், அவன் பெயர் என்ன, அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மெக்கானிக் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். மின்னகம் நடுநடுவே "அடக் கடவுளே" என்றது. விகாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். அகிலாண்டம் விகாஸைப் பார்த்தார்.

"கடைசியாக் கழட்டறப்பக்கூட ஒரு சுத்து சுத்திக் காட்டுச்சுங்க," என்று முடித்தது நீரகம்.

"நல்ல பம்புங்க," என்றது மின்னகம். "நம்ம மோட்டாரும் அதுல இருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்குதுங்க."

இத்தனை நாள் பகை அத்தோடு தீர்ந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. குடத்தின்மேல் இருந்த துண்டுகள் மெல்ல விலகின. பன்னிரண்டுக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பம்பு ஓடவில்லை.

"கரண்ட் கேக்கலாம்ல?" அகிலாண்டம் மெதுவாகக் கேட்டார்.

"கேக்கலாமுங்க," என்றது நீரகம். "ஆனா இன்னொரு துக்கம் பாக்கி நிக்குதுங்களே."

"யாரோடது?"

"தம்பி வூட்டுதுங்க," என்றது மின்னகம்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பூவரசனைப் பார்த்தது.

"அவிய வூட்டு மீட்டரு நம்மகிட்டத்தானுங்க," என்றது மின்னகம். "ரெண்டு பேரு எரிக்கற கரண்டு திடீர்னு ஒரு ஆளு எரிக்கற கரண்டாப் போச்சு. அப்பறம் ராத்திரிக்கு ஒத்தை லைட்டு மட்டும். கேட்டிருக்கோணும். எனக்கு மொறை தெரியலை."

"தண்ணியும் அப்பிடித்தானுங்க," என்றது நீரகம். "ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சுப்போட்டேன். அது தப்புத்தானுங்க. துக்கம் கேக்காத ஆளை முன்னால வச்சுக்கிட்டு நல்ல காரியம் ஆரம்பிக்கறது மொறையில்லை."

"பாஸ்," என்றார் விகாஸ். விரல் பொத்தான்மேல் இருந்தது. "என்ன நடக்குது பாஸ்?"

"பூவரசன், ப்ளீஸ்," என்றார் அகிலாண்டம்.

பூவரசனுக்கு எழுந்து வெளியே போய்விடத் தோன்றியது. கதவு திறந்துதான் இருந்தது. போனால் யாரும் கேட்க மாட்டார்கள். பன்னிரண்டு அடிக்கும். நீரகம் இருக்காது. இந்தப் பம்பின் கதையைச் சொல்லவும் ஆள் இருக்காது.

"எப்பிடிங்க தம்பி ஆச்சு?" என்று மின்னகம் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை," என்றான்.

குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. மீண்டும் சொன்னான். "செவ்வாய்க்கிழமை காலையில. நான் குளிச்சிட்டு வந்து துண்டைக் கட்டில் மேல போட்டேன். அவ தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. திரும்பிப் பார்த்தா. 'ஈரத் துண்டைக் கட்டில் மேல'ன்னு ஆரம்பிச்சா."

"அப்பறமுங்க?"

"விழுந்துட்டா. தலைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். வாக்கியம் முடியலை."

ஒரு குடம் உருண்டது. யாரோ பிடித்து நிறுத்தினார்கள்.

"'போட்டா யாரு எடுக்கறது'ன்னு சொல்ல வந்திருப்பாங்களோ," என்றது நீரகம், யோசனையாக.

"அப்பிடி இருக்காதுங்க," என்றது மின்னகம். "'எத்தனை தடவை சொல்றது'ன்னு சொல்ல வந்திருப்பாங்க."

"அதெப்பிடிங்க சம்பந்தி? எத்தனை தடவைங்கறது மொதல்லயே வந்திருக்கோணும். அம்மிணி ஈரத் துண்டுல இருந்தில்லீங்க ஆரம்பிச்சிருக்குது?"

"ஈரத் துண்டைப் பத்தி உங்களுக்கு என்னுங்க தெரியும்? வூட்டுல துண்டு வச்சிருக்கீங்களா நீங்க?"

"ஈரத்தைப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? இந்த ஊருக்கு ஈரமே நாந்தானுங்க!"

"எங்க வீட்டுல 'மெத்தை நாறாதா?'ன்னு கேப்பாங்க," என்றார் அகிலாண்டம். யாரும் அவரைக் கேட்கவில்லை. "கேக்கறது நான்தான். எங்க வீட்டுக்காரர்தான் போடுவார்."

"என் ஒய்ஃப் அதெல்லாம் சொல்ல மாட்டா மேடம்," என்றார் விகாஸ். "அப்படியே எடுத்து என் மூஞ்சிலயே போடுவா." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எப்படிப் போடுவாள் என்று இரண்டு கையாலும் காட்டினார்.

குடத்தோடு வந்த ஒரு பெண், "மேலன்னு சொன்னதுக்கப்பறம் 'போடாதீங்க'ன்னுதானுங்க வரும், வேற எப்பிடி வரும்?" என்றாள். பக்கத்தில் இருந்தவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. லைன்மேன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கிரீஸ் போட்ட மெக்கானிக்கூட முகத்திலிருந்து துண்டை எடுத்துவிட்டு ஒரு கருத்துச் சொன்னான்.

நீரகமும் மின்னகமும் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தன. அந்தப் பேச்சுக்கு நடுவில் எங்கேயோ ஒன்று கேட்டிருக்கிறது, இன்னொன்று கொடுத்திருக்கிறது. தரை அதிர்ந்தது. முதலில் ஒரு மோட்டார் உறுமியது. பிறகு இரண்டு. பிறகு நான்கும். சுவரில் இருந்த பெரிய குழாய் ஒருமுறை குலுங்கி, வேர்க்கத் தொடங்கியது. குடங்கள் அவசரமாக எழுந்தன.

"இல்லைங்க," என்றான் பூவரசன். "'கட்டில் மேல போட்டு, தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறியாடா'ன்னு கேப்பா. எப்பவும் அதான் கேப்பா."

மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"என்னுங்க தம்பி?" என்றது நீரகம்.

பூவரசன் எழுந்து நின்று, கையை வாயருகே குவித்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னான்.